85,000 ரூபாய்க்கு ஒரு ‘லெஸ் போல்’: போலி என்று தெரிந்தே வாங்கலாமா?

ஆறுதந்தி, கொட்டாஞ்சேனை

வணக்கம். கொட்டாஞ்சேனையில் ஓர் ஆலயப் பாடகர் குழுவிலும், திருமண வரவேற்புகளில் வாசிக்கும் ஒரு சிறிய இசைக்குழுவிலும் நான் கிற்றார் வாசித்து வருகிறேன். இதுவரை எல்லாவற்றையும் ஓர் அக்கூஸ்டிக் கிற்றாரிலேயே சமாளித்தாயிற்று. ஆனால் பைலாப் பாடல்களுக்கு நடுவே பழைய ரொக் பாடல்களையும் விருந்தினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டதால், மின்கிற்றார் ஒன்று இல்லாமல் இனிச் சரிவராது என்று குழுவில் முடிவாகிவிட்டது. இதற்கென என்னால் ஒதுக்கக்கூடிய தொகை 90,000 ரூபாய்.

விற்பனைப் பக்கங்களில் தேடத் தொடங்கியதும் முதலில் கண்ணில் பட்டது, நடுவில் தேன் நிறமாகவும் விளிம்பில் கருஞ்சிவப்பாகவும் மினுங்கும் ஒரு ‘கிப்ஸன் லெஸ் போல்’ (கிப்ஸன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் புகழ்பெற்ற மின்கிற்றார் மாதிரி). விலை 85,000 ரூபாய். அது உண்மையான கிப்ஸன் அல்ல என்பது எனக்குத் தெரியும். 2019 இல் வெளியான லெஸ் போல் ஸ்டாண்டர்டின் விலை அமெரிக்காவிலேயே 2,499 டொலர். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரியைச் சேர்க்காமலே ஏழரை இலட்சம் ரூபாய் வருகிறது. விற்பவரும் எதையும் மறைக்கவில்லை. சீனாவில் செய்யப்பட்ட ‘முதல்தரக் கொப்பி’ என்றே சொல்கிறார்.

எனக்கு விளங்காத விடயம் இதுதான். கிப்ஸனுக்குச் சொந்தமான எபிஃபோன் கிற்றார்களும் சீனாவில் செய்யப்படுகின்றன. மரத்தை வெட்டுவது இரண்டு இடத்திலும் கணினியால் இயங்கும் இயந்திரமே. அப்படியிருக்க, தலைப்பகுதியில் உள்ள பெயர் மட்டும்தான் பொய்யா, அல்லது கிற்றாரிலேயே பொய் இருக்கிறதா? போலி வாங்குவது பிழை என்ற அறிவுரையை வீட்டிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டேன். வாசித்துப் பார்த்தவர்களும் கழற்றிப் பார்த்தவர்களும் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.

மரத்தூள், வெள்ளவத்தை

தம்பி, கிற்றார்களைக் கழற்றிப் பார்ப்பதே என் தொழில் என்பதால் எழுதுகிறேன். சீனா என்பதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கிப்ஸன் 1957 இல் எபிஃபோனை வாங்கியது. 2004 முதல் சிங்தாவோ நகரில் எபிஃபோனுக்கென்றே தனித் தொழிற்சாலை இயங்குகிறது. அங்கிருந்து வரும் மலிவான கிற்றார்களைப் பார்த்துச் சீனாவின் வேலைத்திறனை யாரும் குறை சொல்ல முடியாது. வேறுபாடு என்னவென்றால், அங்கே இன்ன அளவு, இன்ன பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதி) என்று எழுதப்பட்ட ஒரு விவரம் இருக்கிறது. அதற்குப் பொருந்தாத கிற்றார் தொழிற்சாலையை விட்டு வெளியேறினால் பதில் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார். போலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஒரே படத்தைப் பார்த்து ஒரே விற்பனையாளரிடம் இருவர் வாங்கிய இரண்டு கிற்றார்களைத் திறந்தபோது, ஒன்றுக்குள் பாரமான செந்நிற மரமும் மற்றதற்குள் நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் வெளிறிய மரமும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெளியே இரண்டுக்கும் ஒரே நிறம், ஒரே பளபளப்பு.

இயந்திரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது பாதி சரி. உடலின் வளைவு, நெக்கின் (விரல் ஓடும் நீண்ட கழுத்தின்) பருமன், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இறக்கும் வெட்டுகளின் இடைவெளி ஆகியவற்றை இயந்திரம் நன்றாகவே செய்துவிடுகிறது. இருபது வருடங்களுக்கு முன்னர் வந்த போலிகளோடு ஒப்பிட்டால் இன்றைய போலி கையில் பிடிக்க உண்மையிலேயே சுகமாக இருக்கிறது. அதை மறுப்பவர் அண்மையில் ஒன்றையும் பிடித்துப் பார்க்காதவர். ஆனால் கிற்றாரின் விலையைக் கூட்டுவது இயந்திரம் வெட்டிய பிறகு நடக்கும் வேலை. ஃப்ரெட்களின் தலைகளை ஒரே மட்டத்துக்கு அராவுதல், அவற்றின் முனைகளை உருட்டுதல், நட்டின் (நெக்கின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையின்) காடிகளைத் தந்தியின் தடிப்புக்கு ஏற்ப ஆழமாக்குதல், எல்லாவற்றுக்கும் முன்னதாக மரத்தை அவசரப்படாமல் உலர்த்துதல் ஆகியவை மனிதனின் நேரத்தைத் தின்பவை. படத்தில் தெரியாத இந்த இடங்களில்தான் போலி செய்பவர் மிச்சம் பிடிக்கிறார்.

உலராத மரத்தைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும். தந்தியின் தடிப்பை வைத்து 10 என்று நாம் சொல்லும் தந்தித் தொகுதியைச் சாதாரணச் சுதியில் ஏற்றினால் நெக்கின் மீது ஏறக்குறைய 45 கிலோகிராம் இழுவை விழுகிறது. அந்த இழுவைக்கு எதிராக நெக்கைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே புதைந்திருக்கும் ட்ரஸ் ரொட் என்னும் உருக்குக் கம்பி. இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் அதிகமாகவே இருக்கிறது. அந்தக் காற்றில் கிடந்த கிற்றாரைக் குளிரூட்டிய மண்டபத்துக்குள் எடுத்துச் சென்று மூன்று மணித்தியாலம் வாசித்துவிட்டுத் திரும்பவும் காலி வீதிக் காற்றுக்குள் கொண்டு வருகிறோம். நன்றாக உலர்ந்த நெக்கும் இதனால் சிறிது அசையும். கம்பியைக் கால் சுற்றுத் திருப்பினால் நேராகிவிடும். போலியின் நெக் அசையும்போது திருப்பப் போனால், சிலவற்றில் கம்பியின் திருகு வெறுமனே சுழல்கிறது, சிலவற்றில் அசையவே மறுக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கிற்றாரில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. செய்தாலும் கூலி கிற்றாரின் விலைக்குக் கிட்ட வந்துவிடும்.

இதைவிடப் பெரிய குறை பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாலம்) நிற்கும் இடம். லெஸ் போலின் தந்தி நீளம் 24.75 அங்குலம். 12 ஆவது ஃப்ரெட் அதன் சரிபாதியில் வர வேண்டும். பிரிட்ஜில் உள்ள சிறு தாங்கிகளை முன்னும் பின்னும் நகர்த்தி மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் பிரிட்ஜைத் தாங்கும் தூண்களையே சில மில்லிமீற்றர் தள்ளித் துளைத்திருந்தால், தாங்கியைக் கடைசி வரைக்கும் நகர்த்தினாலும் சுதி சேராது. திறந்த தந்தியில் சரியாக ஒலிக்கும் கிற்றார் மேலே போகப் போகப் பொய் சொல்லும். இந்தக் குறையோடு வந்த போலிகளை நான் பார்த்திருக்கிறேன். உடலில் துளைகளை அடைத்துப் புதிதாகத் துளைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மின்பகுதி மோசம்தான், ஆனால் அது மாற்றக்கூடியது. சிறிய மலிவான பொட்கள் (சத்தத்தையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் திருகிகள்), சில மாதங்களிலேயே கரகரக்கத் தொடங்கும் பிக்கப் தெரிவு ஆளி, மெழுகு ஊட்டாத பிக்கப் என்பவை வழக்கமாகக் காணக்கூடியவை. மெழுகு ஊட்டாத பிக்கப்பில் கம்பிச் சுருள் தளர்வாக அதிர்வதால், ஆம்பின் (ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் கூட்டியதும் கீச்சென்று கத்தும். பிரிட்ஜுக்குப் போக வேண்டிய புவித்தொடுப்புக் கம்பி இணைக்கப்படாமலே வந்த ஒன்றும் என் மேசைக்கு வந்தது. தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும், அதில் குறையவே இல்லை.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். போலிகளின் தலைப்பகுதி தனித் துண்டாகச் சரிவாக ஒட்டப்பட்டிருக்கும் என்பதை ஒரு குறையாகப் பலர் எழுதுவார்கள். கிப்ஸன் நெக்கை ஒரே மரத்தில் வெட்டித் தலையை 17 பாகை சாய்க்கிறது. அந்தச் சாய்வில் மரத்தின் இழை குறுக்கே ஓடுவதால், கீழே விழுந்தால் கழுத்து முறிவது இலட்சக்கணக்கில் விலை கொடுத்த உண்மையான கிப்ஸன்தான். ஒட்டிய தலை உறுதியானது. போலி செய்பவர் மரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த காரியம் தற்செயலாக நல்லதாக முடிந்திருக்கிறது.

நெய்தல், தெஹிவளை

மேலே எழுதியவர் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் பழுதுபார்ப்பவரின் மேசைக்குப் பழுதான கிற்றார்கள்தான் போகும் என்பதையும் வாசிப்பவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். என்னிடம் இருப்பதும் இத்தகைய ஒரு போலி லெஸ் போல். பல வருடங்களாக மண்டபங்களிலும் கடற்கரை உணவகங்களிலும் அதைத்தான் வாசிக்கிறேன். வாங்கியதும் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து நட்டை மாற்றி, ஃப்ரெட்களை மட்டப்படுத்தி, தந்தியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அது சுதி விலகியதற்காக எந்த மேடையிலும் வெட்கப்பட்டதில்லை. இது அதிர்ஷ்டலாபச் சீட்டு என்றால், எனக்கு விழுந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மெதுவாகத் தாண்டிச் செல்லும் ஒரு விடயம், நாங்கள் ஏன் இதை வாங்குகிறோம் என்பது. 85,000 ரூபாய்க்கு நேர்மையான கிற்றார்கள் கிடைக்காமல் இல்லை. ஆனால் அவற்றின் தலையில் இருக்கும் பெயர், பதினைந்து வயதில் நண்பனின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் இருந்த பெயர் அல்ல. அந்த உருவம் வேண்டும், அந்தப் பெயர் வேண்டும், அதற்கான ஏழரை இலட்சம் இந்த நாட்டில் இசையால் மட்டும் வாழ்பவனுக்கு ஒருநாளும் சேரப்போவதில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கடைகளில் எந்தக் கிற்றாருமே ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. விரலும் ஆம்பும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன என்று சொல்பவர்கள், பெயருக்காக ஏறக்குறைய ஒன்பது மடங்கு விலை கொடுப்பவரைக் கேள்வி கேட்பதில்லை. பெயரை ஒன்பதில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியவரை மட்டும் கேட்கிறார்கள்.

போலி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். கன்ஸ் அன்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ரொக் குழு 1987 இல் வெளியிட்ட முதலாவது இசைத்தொகுப்பில் அதன் கிற்றார் கலைஞர் ஸ்லாஷ் வாசித்த லெஸ் போல், கிப்ஸன் தொழிற்சாலையில் செய்யப்பட்டதல்ல. கலிபோர்னியாவில் கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் 1959 ஆம் ஆண்டு மாதிரியைப் பார்த்துச் செய்த பிரதி அது. அந்த ஒலியைக் கேட்டுக் கிப்ஸன் வாங்கியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

பழையபெட்டி, பம்பலப்பிட்டி

டெரிக்கின் கிற்றாரை இந்த வாதத்துக்குள் கொண்டு வருவது பொருந்தாது. திறமையான ஒரு மனிதர், நல்ல மரத்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாகக் கையால் செய்த கிற்றார் அது. மூலத்தைவிடக் கவனமாகச் செய்யப்பட்ட பிரதியை, மூலத்தைவிட அவசரமாகச் செய்யப்பட்ட பிரதிக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

எழுபதுகளில் ஜப்பானில் இருந்து வந்த பிரதிகளைக் கவனித்தால் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது விளங்கும். ஐபனீஸ், டொகாய், கிரெக்கோ போன்றவை லெஸ் போலையும், மற்றோர் அமெரிக்க நிறுவனமான ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் அச்சு மாறாமல் செய்து, தலையில் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. 1977 இல் கிப்ஸனின் அன்றைய உரிமையாளரான நோர்லின், ஐபனீஸின் அமெரிக்க நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்ததுகூடத் தலைப்பகுதியின் உருவத்தைப் பற்றித்தான். ஐபனீஸ் அந்த உருவத்தை மாற்றிக்கொண்டு தன் வழியில் போனது. அந்த ஜப்பானியப் பிரதிகளை இன்று சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். தன் பெயரைப் போட்டதால் குறைகளுக்கும் பெருமைக்கும் அந்தந்த நிறுவனமே பொறுப்பேற்றது. ஃபெண்டரின் நிலையும் இதற்கு உதவுகிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் உடலின் உருவத்தை வணிகக் குறியாகப் பதியும் முயற்சி அமெரிக்காவில் 2009 இல் நிராகரிக்கப்பட்டது. ஆகவே அந்த உருவத்தில் வேறு பெயரோடு வரும் மலிவான கிற்றார்கள் எவையும் போலி அல்ல.

இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக் குறிகளைப் பாதுகாக்கிறது. பிறருடைய குறியைப் பொய்யாகப் பொறித்த பொருளை விற்பது அச்சட்டத்தின் கீழ்க் குற்றம். அத்தகைய பொருட்களைச் சுங்கத்தில் தடுக்கவும் இடமுண்டு. வெளிநாட்டு விற்பனைத் தளத்தில் நேரடியாகக் கேட்டு வரவழைப்பவர் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். 2024 இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகப் பகுதியில் ஒரே நடவடிக்கையில் 3,000 க்கும் மேற்பட்ட போலிக் கிப்ஸன்கள் கைப்பற்றப்பட்டன. அவை உண்மையானவையாக இருந்திருந்தால் பெறுமதி 1 கோடி 80 இலட்சம் டொலருக்கு மேல். அவ்வளவு எண்ணிக்கையில் செய்யப்படுபவற்றை எல்லாம் போலி என்று தெரிந்துதான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்று நினைக்கிறீர்களா?

என் கவலை அந்த இடத்தில்தான். ஆறுதந்திக்கு அது போலி என்று தெரியும். அவரிடம் வாங்குபவருக்கும் அவர் சொல்லக்கூடும். மூன்றாவது ஆளிடம் போகும்போது, கனடாவில் இருக்கும் மாமா கொண்டுவந்து கொடுத்தார் என்ற கதையும் கிற்றாரோடு சேர்ந்து போகும். பாவித்த கிற்றார்களைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கை மாற்றுவது நம் ஊரில் சாதாரணம். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில், இரண்டு இலட்சத்துக்கும் மேல் கொடுத்து இப்படி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ட்ரஸ் ரொட்டின் மணி வடிவ மூடியில் மூன்று திருகாணிகள் இருந்தன. கிப்ஸனில் இரண்டுதான் இருக்கும். மூடியைக் கழற்றியபோது, கிப்ஸனில் கம்பியைத் திருப்ப இருக்கும் பித்தளை நட்டுக்குப் பதிலாக அலன் சாவி போடும் துளை இருந்தது. தொடர் இலக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது; அதே இலக்கத்தோடு இன்னும் எத்தனை கிற்றார்கள் உலவுகின்றனவோ.

நெய்தல், தெஹிவளை

அந்த ஆசிரியரின் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. என் கிற்றாரை நான் விற்கப்போவதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஏமாற்றி விற்றவரின் குற்றத்தை, தெரிந்து வாங்கி மேடையில் வாசிப்பவரின் தலையில் கட்டுவது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

ஆறுதந்தி, கொட்டாஞ்சேனை

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவான பதில்களை எதிர்பார்க்கவில்லை. மரத்தூள் அண்ணாவிடம் இரண்டு கேள்விகள். நேரில் போய்ப் பார்த்து, நெக்கும் பிரிட்ஜும் சரியாக இருக்கும் ஒன்றைத் தெரிந்தெடுத்து, தலையில் உள்ள பெயரை அரத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு வாசித்தால் பழையபெட்டி ஐயா சொன்ன பிரச்சினையும் தீர்ந்துவிடும் அல்லவா? இல்லையென்றால், அதே தொகைக்கு நீங்கள் எதை வாங்கச் சொல்வீர்கள்?

மரத்தூள், வெள்ளவத்தை

பெயரை அழிக்கலாம், அழித்தும் கொடுத்திருக்கிறேன். மேலே இருக்கும் தடித்த பொலியுரத்தேன் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கறுப்பு அடித்தால் சுத்தமாக இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் பாருங்கள். நல்ல நெக், சுமாரான உடல், மாற்ற வேண்டிய நட், மாற்ற வேண்டிய பொட்கள், ஆளி, பெரும்பாலும் மாற்ற வேண்டிய சுதித் திருகுகள். 85,000 இல் ஒரு பங்கை நீங்கள் கொடுத்தது அந்தப் பெயருக்காக. அதையும் கூலி கொடுத்துத் தேய்த்துவிட்டீர்கள். விற்கப்போனால் பெயரில்லாத கிற்றாருக்குப் பாதி விலைகூடக் கேட்க மாட்டார்கள். நெய்தல் தன்னுடையதை விற்காமல் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

உங்கள் தொகைக்கு நான் தேடச் சொல்வது பாவித்த யமஹா பசிபிக்கா மின்கிற்றார், அதிலும் 112 என்ற மாதிரி. ஆல்டர் மர உடல், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), மற்ற இரண்டும் சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்). திருமண வரவேற்பில் பைலாவுக்கும் ரொக் பாடலுக்கும் மாறி மாறிப் போக வேண்டிய உங்களுக்கு, இரண்டு ஹம்பக்கர் மட்டும் உள்ள லெஸ் போலைவிட இந்த அமைப்பே வசதி. பாரமும் குறைவு, நான்கு மணித்தியாலம் நின்று வாசிப்பவரின் தோளுக்கு அது தெரியும். லெஸ் போல் உருவம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், பாவித்த எபிஃபோன் ஒன்றுக்காகக் காத்திருங்கள். அதன் தலை கிப்ஸனின் தலையைப் போல இருக்காது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

எதைப் பார்க்கப் போனாலும் கைப்பேசியில் சுதி பார்க்கும் செயலியையும், ஓர் அலன் சாவித் தொகுதியையும் கொண்டு போங்கள். தந்தியைத் திறந்து அடித்துச் சுதி சேர்த்துவிட்டு, 12 ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலால் மெல்லத் தொட்டு எழும் ஸ்வரத்தையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழும் ஸ்வரத்தையும் செயலியில் ஒப்பிடுங்கள். இரண்டும் சிறிது விலகியிருந்தால் பிரிட்ஜின் தாங்கிகளைப் பாருங்கள். அவை நகர இன்னும் இடம் இருந்தால் பயமில்லை. பிறகு முதலாம் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் காட்டின் தடிப்புக்கு மேல் இடைவெளி தெரிந்தால், விற்பவரின் அனுமதியோடு ட்ரஸ் ரொட்டைக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். அனுமதி தர மறுத்தால் வாங்க வேண்டாம். ஆம்பில் போட்டுச் சத்தத்தைக் கூட்டி, எல்லாத் தந்திகளையும் உள்ளங்கையால் தொட்டு இரைச்சல் குறைகிறதா என்றும் கவனியுங்கள்.

ஆறுதந்தி, கொட்டாஞ்சேனை

நன்றி அண்ணா. மட்டக்குளியில் ஒருவர் பாவித்த பசிபிக்கா 112 ஒன்றை 78,000 ரூபாய்க்குப் போட்டிருக்கிறார்; சனிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்க்கிறேன். படத்தில் இரண்டாவது பொட்டின் குமிழ் இல்லை, மற்றபடி எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

மரத்தூள், வெள்ளவத்தை

குமிழ் புறக்கோட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பொட்டின் தண்டு வளைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வளைந்திருந்தால் கிற்றார் விழுந்திருக்கிறது என்று அர்த்தம், நெக் உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.